பொன்னன் பட்டு சைட்டும் மூத்த மருமகளும்

கெடுத்தது அவள் இல்லை. குழாயடியில் நின்று பத்துப் பேர் கூடிச் சொன்னாலும் சரி, கோயில் வாசலில் வைத்துச் சொன்னாலும் சரி, பொன்னன் பட்டுக் கடையின் வெப்சைட்டைக் கெடுத்தது ஜெயப்பிரியா இல்லை. செய்வினை வைத்துவிட்டாள் என்கிறாள் ஒருத்தி. கம்ப்யூட்டருக்குச் செய்வினை வைக்கிறவன் எலுமிச்சம்பழத்தை எந்த ஓட்டையில் சொருகுவான் என்று அவளையே கேளுங்கள். இன்னொருத்தி, பென் டிரைவில் வைரஸைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டாள் என்கிறாள், ஏதோ செடிக்குப் பூச்சி மருந்து ஊற்றின மாதிரி. இவர்கள் இரண்டு பேருமே அந்தச் சைட்டை ஒரு நாளும் திறந்து பார்த்தவர்கள் இல்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

பொறாமை இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஓரகத்தி யுவஸ்ரீ மேல் அவளுக்கு வயிறு எரிந்தது. காலையில் எழுந்தால் எரியும், பாத்திரம் தேய்க்கும்போது எரியும், சாமி கும்பிடும்போதுகூட எரியும். ஆனால் பொறாமைப்பட்டவள் எல்லாம் கெடுத்தவள் என்றால் ராசிபுரத்தில் ஒரு வீடு மிஞ்சுமா? நடந்ததை நடந்தபடி கேட்டுவிட்டு, அப்புறம் பழி போடுகிறவர்கள் போடட்டும்.

ஜெயப்பிரியா சேந்தமங்கலத்துப் பெண். மூன்று வருடம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, இருபத்திரண்டு வயதில் சுவாமிநாதன் வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தாள். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு திரை. கடையை ஆரம்பித்தவர் சுவாமிநாதனுடைய தகப்பனார் பொன்னன். தறிக்குழியில் கால் வைத்து நெய்து, நெய்ததைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்று எழுப்பிய கடை அது. மூத்தவன் வேல்முருகன் ஜெயப்பிரியாவின் புருசன். சேலை விரிப்பதில் கெட்டிக்காரன், வாய் திறப்பதில் மகா சிக்கனக்காரன். இளையவன் கௌதமன் வெளியூர் வியாபாரம் பார்ப்பவன். மாமியார் கந்தம்மாளுக்குத் தினசரிக் காலண்டர்தான் வேதம். நல்ல நேரம் பார்க்காமல் அந்த வீட்டில் தயிர்கூட உறையாது.

அவள் வந்த நாலாம் வருடம் பெங்களூரிலிருந்து ஒரு பெண் போன் செய்து, உங்கள் கடைக்கு வெப்சைட் உண்டா என்று கேட்டாள். அதெல்லாம் பெரிய கடைக்காரர்களுக்குத்தான் என்று சுவாமிநாதன் போனை வைத்துவிட்டார். திரைக்குப் பின்னால் நின்ற ஜெயப்பிரியா, தானே செய்து தருவதாகச் சொன்னாள். தறிக்குப் போகிற பாவு நூல் மூட்டைகளை அடுக்கும் அறையில் ஒரு பழைய மேசையைப் போட்டுக்கொண்டு, சமையல் முடிந்த நேரமெல்லாம் உட்கார்ந்து இரண்டு மாதத்தில் முடித்தாள். சைட்டுக்கு ஒரு பெயர் பதிய வேண்டும். அதற்கு ஓர் இமெயில் வேண்டும். கடையில் ஒருவருக்கும் இமெயில் இல்லை. தன்னுடையதைக் கொடுத்தாள். அந்தப் பெயரும் ஒரு தடவை வாங்கினால் தீர்ந்தது என்கிற சங்கதி இல்லை. குத்தகை நிலம் மாதிரி வருடா வருடம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். மார்கழியில் அந்தத் தேதி வரும். அவளே கட்டிவிடுவாள். யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

சைட்டைக் கட்டிவிட்டால் அது பாட்டுக்கு நிற்கும் என்று நினைக்கிறார்கள். நிற்காது. ஓடு வேய்ந்த வீடு மாதிரி, வருடத்துக்கு ஒரு தடவையாவது ஏறிப் பார்க்காவிட்டால் எங்காவது ஒழுகும். போனில் எடுத்த சேலைப் படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் கனத்துப் போய்த் திறக்க நேரமெடுக்கும். வாங்க வந்தவள் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டாள், அடுத்த கடைக்குப் போய்விடுவாள். அதனால் ஒவ்வொரு படத்தையும் கண்ணுக்கு ஒன்றும் குறையாமல், எடையை மட்டும் குறைத்து ஏற்றுவாள் ஜெயப்பிரியா. வெள்ளிக்கிழமை தோறும் தன் பெயரிலேயே ஒரு சேலைக்கு ஆர்டர் போட்டு, அது வந்து சேர்கிறதா என்று பார்ப்பாள். மாதம் ஒரு தடவை முழுச் சைட்டுக்கும் நகல் எடுத்துப் பீரோவில் வைப்பாள். சைட்டின் உள்பக்கத்தில், இதைப் புதுப்பிக்கவும், அதைப் புதுப்பிக்கவும் என்று சிவப்பு வட்டங்கள் வந்துகொண்டே இருக்கும். கந்தம்மாள் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு என்ன ஏதென்று விசாரித்தாள். அன்றிலிருந்து அதற்கும் காலண்டர்தான். அஷ்டமியில் தட்டாதே, கரிநாளில் தட்டாதே என்பாள். ஜெயப்பிரியா சரி என்று தலையை ஆட்டிவிட்டு, மாமியார் குளிக்கப் போன நேரமாகப் பார்த்துத் தட்டிவிடுவாள். சைட் ஒரு நாளும் படுத்ததில்லை.

இப்படிப் பத்து வருடம். இதற்கு அவளை யாரும் மெச்சவில்லை. அவளும் அதைக் கேட்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் உங்கள் சைட்டில் பார்த்துத்தான் வந்தோம் என்று சொல்வார்கள். சுவாமிநாதன் மீசையை நீவிக்கொள்வார். திரைக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டுக்கொள்வாள். அந்த வீட்டில் கரண்டி மாமியாருடையது, கல்லா மாமனாருடையது, புருசன்கூடப் பாதி அவன் அம்மாவுடையவன். சைட் ஒன்றுதான் இவளுடையது. அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

போன வருடம் சித்திரையில் கௌதமனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் சேலம் டவுனில் படித்து வளர்ந்தவள். யுவஸ்ரீ. நல்ல பெண்தான், அதிலும் பொய் இல்லை. சிரித்த முகம், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிற பழக்கம். படம் எடுப்பதில் கைகாரி; சாதாரண முந்தானையை அவள் எடுத்தால் அது கோயில் சிலைக்குச் சாத்தின மாதிரி இருக்கும். அதுதான் ஜெயப்பிரியாவுக்கு முதலில் குத்தியது. மறுவீடு வந்த மூன்றாம் நாள், சாப்பிட்டு முடித்து எல்லோரும் கூடத்தில் இருக்கும்போது, யுவஸ்ரீ போனில் சைட்டைத் திறந்து பார்த்தாள்.

“இது யாருங்கக்கா பண்ணினது? கொஞ்சம் பழசா இருக்குதுங்க.”

கேலியாகச் சொல்லவில்லை, வேண்டுமென்றும் சொல்லவில்லை. ஆனால் ஜெயப்பிரியா பதில் சொல்வதற்குள் கௌதமன், அது ஏதோ அந்தக் காலத்தில் அண்ணி சும்மா போட்டது என்று சொல்லிவிட்டான். அந்த ‘சும்மா’ என்கிற ஒரு சொல் அவள் நெஞ்சில் முள்ளாக ஏறி உட்கார்ந்துகொண்டது. பிடுங்க ஆளில்லை.

இரண்டே மாதத்தில் பேச்சு முடிந்துவிட்டது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கண்ணாடி போட்ட ஆபீஸ் ஒன்றில் யுவஸ்ரீக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் புதுச் சைட் கட்டித் தருவார்கள், யுவஸ்ரீ பார்த்துக்கொள்வாள் என்று ஆனது. ஜெயப்பிரியாவை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளிடம் கேட்கவே இல்லை, அவ்வளவுதான். அதே பெயரிலேயே புதுச் சைட் வரட்டும் என்றபோது, தேவையான திறவுச்சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். பெயர் பதிந்திருந்த இமெயிலை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. யுவஸ்ரீ ரொம்ப நன்றி என்றாள். அதுவும் எரிந்தது.

ஆவணியில் ஒரு முகூர்த்த நாளில் திறப்பு விழா. சைட்டுக்குத் திறப்பு விழா வைத்த கடை ஜில்லாவிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். சைட்டைத் திறந்தால் முதலில் குத்துவிளக்கு ஏற்றுகிற வீடியோ ஓட வேண்டும் என்று கந்தம்மாள் சொன்னாள். சுவாமிநாதன் வேறொன்று கேட்டார்.

“எங்கய்யன் படம்தான் எல்லாத்துக்கும் மேல இருக்கோணும். சிறுசா வெச்சுப்போடாதீங்க.”

பொன்னனுக்கு இருந்த நல்ல படம் ஒன்றே ஒன்று. கடையின் அறுபதாம் வருடத்துக்குப் பஸ் ஸ்டாண்டு எதிரே கட்டிய இருபதடி ஃப்ளெக்ஸ் பேனருக்காகச் செய்த படம். பேனர் கடையில் கொடுத்த அந்தக் கோப்பை அப்படியே தூக்கி ஏற்றினார்கள். இருபதடி உயரத்துக்கு வரைந்த மனிதரை உள்ளங்கை அகலப் போனுக்குள் திணித்தால் என்ன ஆகும்? ஃபேர்லேண்ட்ஸ்காரர்கள் ஒரு வார்த்தை எடுத்துச் சொன்னார்களாம், படத்தைக் குறைக்க வேண்டும் என்று. பெரியவரைக் குறைப்பதா என்று சுவாமிநாதன் முகம் சுருங்கியதும், அதற்குமேல் அவர்கள் பேசவில்லை. விழாவில் யுவஸ்ரீ பட்டனைத் தட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். கந்தம்மாள் அவளுக்குத்தான் ஆரத்தி சுற்றினாள். ஜெயப்பிரியா வந்தவர்களுக்குக் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு மத்தியானம் அடுப்படியில் நின்று போனில் சைட்டைத் திறந்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பதினேழு எண்ணும்போதுதான் பொன்னன் தலை தெரிந்தது. மீசை வர இன்னும் மூன்று ஆனது. குத்துவிளக்கு அதற்கும் பிறகு. பல நாள் கழித்து அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு ருசித்தது.

அதிலிருந்து அது ஒரு பழக்கமாகிவிட்டது. பால் பொங்கும் வரை நிற்கிற நேரத்தில் சைட்டைத் திறந்து எண்ணுவாள். இருபது வந்தால் மனசு குளிரும். ஒரு நாள் மழையில் டவர் கிடைக்காமல் முப்பது வந்தது. அன்று எல்லோரிடமும் தன்மையாகப் பேசினாள். யுவஸ்ரீ சிவப்பு வட்டங்களைத் தட்டுவதில்லை என்பதையும் கண்டுகொண்டாள். மாமியார் நல்ல நாள் பார்த்துச் சொல்கிறேன் என்றாளாம். அந்தப் பெண்ணும் பெரியவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கிறது. வட்டங்கள் கூடிக்கொண்டே போயின. தான் மாமியாரை ஏமாற்றிப் பத்து வருடம் காப்பாற்றினாள், இவள் மாமியாரை மதித்துக் கெடுக்கிறாள் என்று நினைத்து ஜெயப்பிரியா தனியாகச் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது.

நாமக்கல்லிலிருந்து பஷீரா என்ற அம்மா போன் செய்தது அந்தச் சமயத்தில்தான். லாரி பாடி கட்டும் பட்டறைகள், முட்டை மண்டிகள் என்று சின்னச் சின்ன வியாபாரிகளின் சைட்டுகளைப் பார்த்துக்கொடுக்கிற அலுவலகம் அவளுடையது. பொன்னன் பட்டில் பல வருடமாகச் சேலை வாங்குகிறவள். சைட்டில் கேட்கும் கேள்விகளுக்கு ஜெயப்பிரியா எழுதும் பதில்கள் வழியாகவே பழக்கம்.

“உங்க சைட்டுக்கு என்னங்க ஆச்சு? திறக்கறதுக்குள்ள ஒரு டீ குடிச்சிரலாம் போல இருக்கு. அந்தப் பெரியவர் படம் மட்டும் பத்து லாரி பாரம் இருக்கும் போலிருக்குங்களே.”

தான் இப்போது பார்ப்பதில்லை, சின்னவள் பார்க்கிறாள் என்றாள் ஜெயப்பிரியா. சொல்லும்போது இனித்தது. ஆனால் போனை வைத்த பிறகு அந்த இனிப்பு கசந்துவிட்டது. பஷீரா போன வருடம் வரை வாங்கியவள். இந்த வருடம் வாங்காமல் போய்விட்டாள். கடை யாருடையது? தறிக்காரர்கள் யாருடைய சேலையை நம்பி நெய்கிறார்கள்? அவளுக்குள் பத்து வருடம் உட்கார்ந்திருந்த ஒருத்தி பொறுக்க மாட்டாமல் எழுந்தாள்.

அவளுடைய பழைய திறவுச்சொல் இன்னும் வேலை செய்தது. புதிதாகக் கட்டினவர்கள் பழைய ஆளின் சாவியை அழிக்க மறந்துவிட்டார்கள். இது எல்லாச் சின்னச் சைட்டிலும் நடக்கிற தப்புதான். ஐப்பசியில் ஒரு மத்தியானம் அவள் உள்ளே போய், பொன்னன் படத்தை எடுத்து எடையைக் குறைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். ஒரு சுருக்கம்கூடக் குறையவில்லை. அதே மீசை, அதே விபூதி. எண்ணிப் பார்த்தாள். நாலு. நாலே எண்ணிக்கையில் பெரியவர் முழுசாக வந்து நின்றார்.

ஒரு வாரத்தில் கடையிலேயே வித்தியாசம் தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் கௌதமன், இப்போது சைட் பறக்கிறது என்றான். யுவஸ்ரீ முகம் மலர்ந்து, ஃபேர்லேண்ட்ஸ்காரர்கள் ஏதோ சரிசெய்திருக்க வேண்டும், அவர்கள் அப்படித்தான், சொல்லாமலே செய்வார்கள் என்றாள். சுவாமிநாதன், சின்னவள் கொண்டுவந்த ஆட்கள் சரியான ஆட்கள் என்று சொல்லி இன்னொரு கரண்டி ரசம் கேட்டார். ஜெயப்பிரியாதான் ஊற்றினாள்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். நான்தான் என்று ஒரு வார்த்தை போதும். அவள் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிய வேண்டும் என்று நினைத்தாள், அதுதான் அவளுடைய கோணல். மறுநாள் மத்தியானம் மறுபடி உள்ளே போய், தான் வைத்த படத்தை எடுத்துவிட்டு, அவர்கள் ஏற்றிய பழைய பேனர் படத்தையே இருந்த இடத்தில் வைத்துவிட்டாள். தான் செய்த நன்மையைத் தானே பிடுங்கிக்கொண்டாள். சைட் மறுபடி இருபதுக்குப் போனது. குற்றம் என்றால் அது குற்றம்தான். ஆனால் அவர்கள் பொருளை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தாள், அதற்குமேல் ஓர் எழுத்தைத் தொடவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பிறகு மார்கழி வந்தது.

சைட்டின் பெயருக்குத் தேதி முடியப்போகிறது என்று அவளுடைய இமெயிலுக்குத்தான் அறிவிப்பு வந்தது. வழக்கமாக அவளே கட்டிவிடுவாள். இந்தத் தடவை கட்டவில்லை. இனி அவர்கள் பாடு என்று இருந்தாள். ஆனால் சொல்லாமல் இருந்தாளா? சொன்னாள். முதலில் வேல்முருகனிடம் சொன்னாள். அவன் தம்பியிடம் சொன்னான். தம்பி அதையெல்லாம் ஃபேர்லேண்ட்ஸில் பார்த்துக்கொள்வார்கள் என்றான். அவர்களோ, அதைக் கடைக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தார்கள். இரண்டாம் தடவை அறிவிப்பு வந்ததும், எல்லோரும் சாப்பிடும்போது மாமனாரிடமே நேராகச் சொன்னாள். பெயரைப் புதுப்பிக்க வேண்டும், இருபத்தோராம் தேதியோடு முடிகிறது என்றாள். சுவாமிநாதன் மனைவியைப் பார்த்தார். கந்தம்மாளுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை.

“மார்கழியில ஆராச்சும் பத்திரம் முடிப்பாங்களா கண்ணு? பீடை மாசம். தை பொறக்கட்டும், மொத நாளே பண்ணிப்போடலாம்.”

யுவஸ்ரீ ஏதோ சொல்ல வாயெடுத்தாள், மாமியார் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டாள். ஜெயப்பிரியாவும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. பத்து வருடமும் மார்கழியில்தான் கட்டினேன், ஒரு பீடையும் வரவில்லை என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு மோர் ஊற்றினாள். மூன்றாம் அறிவிப்பு வந்தபோது போனைக் கவிழ்த்து வைத்தாள். இதையும் ஒளிக்க வேண்டாம்.

இருபத்திரண்டாம் தேதி காலை சைட் போய்விட்டது. தை முகூர்த்தத்துக்கு ஜனங்கள் பட்டு எடுக்கிற நேரம். பொன்னன் பட்டு என்று தட்டினால், இந்தப் பெயர் காலாவதி ஆகிவிட்டது என்ற அறிவிப்பும், கீழே முடி உதிர்வதற்கு எண்ணெய் விற்கும் ஒரு விளம்பரமும் வந்தன. கரூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் போன் செய்து, பட்டு வியாபாரத்தை விட்டுவிட்டீர்களா என்று கேட்டார்கள். ஃபேர்லேண்ட்ஸில் பார்த்துவிட்டு, பெயர் யார் இமெயிலில் இருக்கிறதோ அவர்தான் மீட்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள். எண்ணி அரை மணிக்குள் வீடு முழுவதும் அடுப்படி வாசலில் வந்து நின்றது.

அந்த நிமிடத்துக்காகத்தான் அவள் எட்டு மாதமாகக் காத்திருந்தாளோ என்னவோ. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. யுவஸ்ரீ கண் கலங்கி, அக்கா எப்படியாவது பண்ணுங்கள் என்றாள். கந்தம்மாளும் கேட்டாள்.

“எதாச்சும் பண்ணு சாமி, கடை பேரு போகுது.”

“மார்கழிங்களே அத்தை. தை பொறக்கட்டுமுங்க.”

சொல்லிவிட்டுக் கீரையை ஆய்ந்தாள். ஆய்ந்து முடித்து, அலசி, கடைந்து, தாளித்து, எல்லோருக்கும் போட்டு, தானும் உண்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுத்தான் பாவு அறைக்குப் போனாள். வேலை பத்து நிமிடம். கட்டினாள், போனுக்கு வந்த எண்ணைத் தட்டினாள், முடிந்தது. சாயங்காலம் விளக்கு வைக்கும்போது சைட் திரும்ப வந்தது. காலையிலேயே செய்திருக்கலாம். செய்யவில்லை. எல்லோரும் வாசலில் நிற்க வேண்டும், தான் உள்ளே இருக்க வேண்டும் என்கிற ஆசை, அரை நாள் ஆசை. அந்த அரை நாள்தான் ஊரில் இத்தனை கதையாக முளைத்தது.

மறுநாள் ஃபேர்லேண்ட்ஸ்காரர்கள், இனி இப்படி ஆகாமல் இருக்க எல்லாவற்றையும் சோதிக்கிறோம் என்று உட்கார்ந்தார்கள். உள்ளே யார் வந்தார்கள், எதைத் தொட்டார்கள் என்று சைட் தானே எழுதி வைத்துக்கொள்ளும். ஐப்பசியில் இரண்டு தடவை ஜெயப்பிரியா பெயரில் யாரோ உள்ளே வந்து பெரியவர் படத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று யுவஸ்ரீக்குச் சொன்னார்கள். அவள் கௌதமனிடம் சொன்னாள். கௌதமன் கூடத்தில் வைத்துச் சத்தமாகச் சொன்னான். அப்புறமென்ன? படம் மாற்றினவளே பெயரையும் விழ வைத்தாள், அவளே எடுத்தும் கொடுத்தாள், எல்லாம் நாடகம் என்று ஆகிவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். தேதி முடிந்ததால் பெயர் விழுந்தது, படத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் அதைக் கேட்கிற காது அங்கே இல்லை.

கந்தம்மாள் மாரியம்மன் படத்துக்கு முன்னால் பித்தளைத் தட்டில் கற்பூரம் ஏற்றினாள். அந்த வீட்டில் பொருள் காணாமல் போனாலும், வார்த்தை மாறினாலும், கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் வழக்கு முடிந்தது. சைட்டில் நான் கை வைக்கவில்லை என்று சொல்லி அணைத்துவிடு, இதோடு யாரும் ஒன்றும் பேச மாட்டோம் என்றாள். நல்லதற்குத்தான் சொன்னாள். மருமகளைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த வழி அது.

ஜெயப்பிரியா தட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். சைட்டைக் கெடுக்கவில்லை என்று சொல்லச் சொல்லியிருந்தால் அணைத்திருப்பாள். கை வைக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? கை எழுந்தது, பாதியில் நின்றது. யுவஸ்ரீக்குப் பொறுக்கவில்லை. சத்தியமெல்லாம் வேண்டாம் அத்தை, விட்டுவிடுங்கள் என்று நடுவில் வந்தாள். அவள் தனக்குப் பரிந்து பேசியதுதான் ஜெயப்பிரியாவை உடைத்தது. யாரிடம் தோற்றாலும் இவளிடம் இரக்கம் வாங்க முடியாது.

“கை வெச்சேனுங்க. ஒருக்கா படத்த எடை குறைச்சு வெச்சேன், சைட்டு ஓடுச்சு. நீங்க அல்லாரும் சேலத்துக்காரங்களை மெச்சுனீங்க. வயிறு எரிஞ்சுது. மறுக்கா பழைய படத்தையே வெச்சுட்டேன். பேரு போனது நான் பண்ணினதில்லைங்க.”

கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. சுவாமிநாதன் நாற்காலியிலிருந்து எழுந்தார். பொறாமையும் திருட்டுத்தனமும் அவர் காதில் ஏறவில்லை, ஏறியது வேறு.

“எங்கய்யனைச் சிறுசு பண்ணினயா?”

“எடையத்தானுங்க மாமா குறைச்சேன். ஆளு அப்புடியேதான் இருந்தாரு.”

யாரும் சிரிக்கவில்லை. எல்லாச் சாவியையும் சின்னவள் கையில் கொடுத்துவிடு என்று மட்டும் சொன்னார் அவர். கொடுக்கிறேன் என்றாள். பத்து வருடம் இதைப் பார்த்தது யார் என்று நீங்கள் ஒரே ஒரு தடவை சொல்லிவிடுங்கள், இப்போதே கொடுத்துவிடுகிறேன் என்றாள். சுவாமிநாதன் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைப்பக்கம் போய்விட்டார். சொல்லக் கூடாது என்று இல்லை, அவருக்கு அது கேள்வியாகவே தோன்றவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

அன்றைக்கு அறையில் வேல்முருகன் வாய் திறந்தான். நீதான் பார்த்தாய் என்று எனக்குத் தெரியுமே என்றான். உங்களுக்குத் தெரிந்து என்ன பண்ண, அங்கே சொல்லியிருக்க வேண்டும் என்றாள் அவள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கெட்டவன் இல்லை, வேளைக்கு உதவாதவன்.

பொங்கல் வரை இருந்தாள். பொங்கல் வைத்தாள், கும்பிட்டாள், எல்லோருக்கும் இலை போட்டாள். இதற்குள் தெருவில் கதை கிளம்பிவிட்டது. கற்பூரம் அணைக்காதவள் என்ற பெயர் வந்துவிட்டது. ஜெயப்பிரியா பஷீராவுக்குப் போன் செய்தாள். வேலை இருக்கிறதா என்று கேட்டாள். எவ்வளவு அனுபவம் என்று விளையாட்டாகக் கேட்டாள் பஷீரா. ஒரே சைட்டு, பத்து வருடம் என்றாள் இவள். தை பத்தாம் தேதி வந்துவிடுங்கள் என்றாள் அந்தம்மா. பத்தாம் தேதி நல்ல நாளா என்று இவள் காலண்டரைப் பார்க்கவில்லை. சேந்தமங்கலத்தில் அம்மா வீட்டிலிருந்து போய் வரலாம். நாமக்கல்லுக்கு பஸ் இருக்கிறது. நீங்களும் சனிக்கிழமை வாருங்கள் என்று வேல்முருகனிடம் சொன்னாள். வாரேன் என்றான்.

பத்தாம் தேதி காலை யுவஸ்ரீயைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சைட்டின் பெயரை அவளுடைய இமெயிலுக்கு மாற்றிக் கொடுத்தாள். தன் போனுக்கு வந்த எண்ணை ஒவ்வோர் எண்ணாக வாய்விட்டுச் சொன்னாள். தன் பழைய சாவியை அவளைக் கொண்டே அழிக்க வைத்தாள். நகல் எடுத்து வைத்திருந்த பென் டிரைவைக் கொடுத்தாள். யுவஸ்ரீ ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அழகான கையெழுத்து. அதுவும் குத்தியது.

“போகாதீங்கக்கா. நானு வேணும்னு பண்ணலைங்க.”

“தெரியும் கண்ணு. நீ வேணும்னு பண்ணியிருந்தா எனக்கு இத்தனை எரிஞ்சிருக்காது.”

வீட்டுப் பெண்கள் வெளியே போவதென்றால் பக்கத்துச் சந்து வழியாகப் போவார்கள். அந்த வீட்டு வழக்கம் அது. ஜெயப்பிரியா துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரையை விலக்கி, கடை வழியாகவே நடந்தாள். முகூர்த்தக் கூட்டம். விரிப்பு நிறையச் சேலைகள் கிடந்தன. கடைப் பையன்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். சுவாமிநாதன் ஒரு வாடிக்கையாளருக்கு ஜரிகையைக் காட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி ஜரிகைக்கே திரும்பினார். ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருத்தி இவளைக் கடை ஆள் என்று நினைத்துக்கொண்டு, மயில் கழுத்து நிறத்தில் இருக்குமா என்று கேட்டாள். மேல் தட்டில் வலதுபக்கம் மூன்றாவது என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

எரிச்சல் தணிந்து போனாளா என்றால், இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் யுவஸ்ரீ அந்த நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள் என்பது அவள் முதுகுக்குத் தெரிந்தது. அது தன் கையில் இருந்திருக்க வேண்டிய நோட்டு. எரிந்துகொண்டேதான் செருப்பை மாட்டினாள், எரிந்துகொண்டேதான் வாசற்படி இறங்கினாள். ஆனால் ஒரு சாவியையும் கையில் வைத்துக்கொண்டு இறங்கவில்லை.